இளையவளின் கடைசி வீடு

வெண்மணற்குடாவில் அப்போது பதினோராயிரத்துச் சொச்சம் பேர் அடைபட்டுக் கிடந்தோம். அத்தனை பேரிலும் ஒருவரும் கட்டிப்பிடித்து அழாத ஆள் நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முழுமனதாக நம்பியிருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழிக் களப்பு, நடுவில் ஏழு மைல் மணல். அதுதான் குடா. தெற்கு முனையில் ஒரு மண்ணணை. அணைக்கு அப்பால் இராணுவம் நின்றது. அது எறிகணை அடித்தது. அணைக்கு இப்பால் எங்கள் ஆயுதக்காரரின் சபை நின்றது. அது எங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஒருவரையும் வெளியே போக விடவில்லை. தலைநகரில் பதினாலு மாதத்துக்குள் மூன்று ஜனாதிபதிகள் மாறியிருந்தார்கள். ஒருவர் கப்பலேறிவிட்டார், ஒருவர் சிறையில், மூன்றாமவர் தினமும் பின்னேரம் வானொலியில் வந்து நாடு அமைதியாக இருப்பதாக அறிவித்துக்கொண்டிருந்தார்.

இந்த அமைதிக்கு முன்பே, முதலாமவரின் கடைசி நாட்களில், அணை மூடப்படாதபோதே காய்ச்சல் வந்துவிட்டது. முதலில் கண் சிவக்கும். நாலாம் நாள் பல்முரசில் இரத்தம் கசியும். ஏழாம் நாள் பாதிப் பேர் எழும்ப மாட்டார்கள். எங்கள் சனம் வருத்தத்துக்குப் பெயர் வைப்பதில் வலு கெட்டிக்காரர்கள். அம்மை போட்டால் அம்மாள் வந்திருக்கிறாள் என்பவர்கள், இதற்கு மூத்தவள் என்று பெயர் வைத்தார்கள்.

மூத்தவள் உயிரோடு இருப்பவரைவிடப் பிரேதத்தில்தான் வீரியமாக இருப்பாள். எங்கள் செத்தவீடுகள் அவளுக்கு நல்ல வசதி. வாசலில் ஒரு பெண் வந்து கால் வைத்தவுடன் வீட்டுப் பெண்கள் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, சொல்லிச் சொல்லி அழுவார்கள். ஆண்கள் வெளியே கைகட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு செத்தவீடு முடிந்தால் பத்து நாளில் ஆறு செத்தவீடு.

வெள்ளைக்காரன் போய் நூறு வருடத்துக்கு மேலாகியும் அவன் எழுதிய தொற்றுநோய்ச் சட்டம் எங்கள் கந்தோர் அலுமாரியில் இருந்தது. மகாராணி என்று இருந்த இடங்களில் ஜனாதிபதி என்று மாற்றியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அந்தச் சட்டப்படி பிரேதத்தைக் கைப்பற்ற எனக்கு அதிகாரம் இருந்தது. கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கட்டிப்பிடித்து அழுபவர்களைப் பார்த்தால் விசில் அடிப்பேன். விடாவிட்டால் என் ஆட்கள் பிரித்து விடுவார்கள். பிரேதத்தை உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கடற்கரையில் எரித்துவிடுவோம். அணை மூடப்படுவதற்கு முன் இதையெல்லாம் பதினான்கு பிரிவுகளாக எழுதி மேலிடத்துக்கும் அனுப்பியிருந்தேன். ஏழாம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. "ஒருவருக்கு ஓர் அறை. பதினான்கு நாள். எந்தத் தொடுகையும் கூடாது."

சனம் எனக்கு 'விசில்' என்று பெயர் வைத்தது. மூன்றாவது மாதம் சாவு குறையத் தொடங்கியது. ஐந்தாவது மாதம் நின்றே விட்டது. நான்தான் நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். டொக்டர் ரெஜினா என்னை ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். தலைநகரத்து வைரஸ் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். இரண்டாவது ஜனாதிபதி காலத்தில் அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்தபோது தப்பி, பிறந்த ஊரென்று இங்கே வந்து எங்களோடு மாட்டிக்கொண்டவர். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாத பெண்.

"சாவை நிப்பாட்டினது நீங்கள் இல்லை," என்றார். "இளையவள்."

எனக்கு விளங்கவில்லை. அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்தார்.

"மூத்தவளைப் போலவே ஒரு வைரஸ். நாங்கள்தான் செய்தனாங்கள். பல்லுப் பிடுங்கின பாம்பு. மூண்டு நாள் சின்னக் காய்ச்சல் காயும், காதுக்குப் பின்னால வேர்க்குரு மாதிரிப் போடும். பேந்து மூத்தவள் அந்த ஆளைச் சீவியத்துக்கும் தொடமாட்டாள்."

"தடுப்பூசியோ?"

"முதல் ஆளுக்கு மட்டும்தான் ஊசி. மிச்சப் பேருக்கு அது தானாத் தொத்தும். ஊசி போட ஆளும் இல்லை, ஐஸ்பெட்டியும் இல்லை, றோட்டும் இல்லை எண்ட நாட்டுக்கெண்டு யோசிச்சுச் செய்தது. மூண்டாம் நாளிலயிருந்து ஒன்பதாம் நாள் மட்டும் கண்ணீரிலயும் வேர்வையிலயும் இருப்பாள். இறுக்கிப் பிடிச்சால்தான் அடுத்த ஆளுக்குப் போவாள். அதுக்குள்ள போகாட்டி அந்த உடம்போட செத்திடுவாள்."

ஐந்து குப்பி மருந்தோடு அவர் தப்பி வந்திருக்கிறார். ஐந்து பெண்களுக்கு ஊசி போட்டு, செத்தவீடுகளுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே அவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்ய வேண்டியதைச் செய்தார்கள். பெண்களிடமிருந்து வீட்டில் புருசனுக்கும் பிள்ளைகளுக்கும் போயிருக்கிறது. விசயம் வெளியே கசிந்த பிறகு சனமே அதற்கு இளையவள் என்று பெயர் வைத்து, எனக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சனத்திட்டக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"நீங்கள் பிரேதத்தைத் தூக்கேக்க கேட்டனீங்களோ?"

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டாவது மாதம் என் மனைவி இராசமலரின் சின்னம்மா செத்தபோது, இராசமலர் எனக்குச் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். நான் விசிலோடு போய்ச் சேர்ந்த நேரம் அவள் வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு பெண் கையை விரித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தாள். நான் இராசமலரின் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். பதினெட்டாம் நாள், தண்ணீர் வரிசையில் எங்கோ, மூத்தவள் அவளைப் பிடித்தாள்.

"அந்தச் செத்தவீட்டில…" என்று தொடங்கினேன்.

"ஓம்," என்றார் ரெஜினா. "அண்டைக்கு இளையவள் அங்க நிண்டவள்."

அவளைக் கொன்றது நான். அதை இன்றுவரை வேறு எந்த விதமாகச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. அவள் செத்தபோது சட்டப்படி ஒருவரையும் கூப்பிடாமல் நானே கொண்டுபோய் எரித்தேன். ஒருவரும் வரவும் இல்லை. கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பார்களோ தெரியாது.

ரெஜினா என்னை அழவைக்கக் கூப்பிடவில்லை. அவருக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருந்தது. களப்புக்கு அந்தப் பக்கம், இராணுவத்தின் பிடியில் உள்ள பெருந்துறையில் ஒரு முகாம். அதில் நாற்பதாயிரம் அகதிகள். மூத்தவள் அங்கே போய்ச் சேர்ந்து மூன்று வாரம். என் மகள் தாட்சாயினி அங்கேதான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவள், அணை மூடியபோது அந்தப் பக்கம் அகப்பட்டுவிட்டாள். மருமகன் அதற்கு முன்பே எறிகணையில் போய்விட்டான். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. வெள்ளைக்கொடி வாகனம் வெள்ளிக்கிழமைகளில் கொண்டுவரும் பெயர்ப் பட்டியலில், உயிரோடிருப்பவர்கள் பக்கத்தில், இதுவரை அவள் பெயர் இருந்தது. தாய் செத்ததை அதே வாகனத்தில் கடிதம் எழுதி அவளுக்கு அனுப்பியிருந்தேன்.

"இஞ்ச எல்லாருக்கும் இளையவள் வந்து போயிட்டாள்," என்றார் ரெஜினா. "இனி ஆளில்லை. குழந்தைப்பிள்ளையளில நிக்க மாட்டாள், தாயிட எதிர்ப்புச் சக்தி விடாது. குப்பியில இருந்தது மின்சாரம் நிண்ட அண்டைக்கே செத்திட்டுது. இப்ப இந்த உலகத்திலயே இளையவள் இருக்கிறது ஒரே ஒரு உடம்பில. உப்பளத்துப் பரிமளத்தில. அவவுக்கு இண்டைக்கு ஆறாம் நாள். இன்னும் ஒருத்தருக்கு மட்டும்தான் இளையவள் வரேல்லை."

"ஆருக்கு?"

டொக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டம் சுருக்கமானது. பரிமளம் என்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வாகனத்தில் சிறுநீரக நோயாளி என்று என்னை ஏற்றிவிடுவார்கள். வயதுபோன, சிறுநீரகம் பழுதான ஆளால் சபைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, விட்டுவிடும். அந்தப் பக்கம் வருபவர்களை மூன்று நாள் ஒரு மண்டபத்தில் அறுபது எழுபது பேரோடு வைத்திருந்துவிட்டு முகாமுக்குள் விடுகிறார்கள் என்று போன மாதம் செய்தி வந்திருந்தது. அந்த மண்டபமே போதும். கர்ப்பிணிக்கு ஆகுமா என்று கேட்டேன். ஒன்றும் செய்யாது, வயிற்றில் இருப்பதற்கும் நல்லது என்றார்.

ஆனால் பரிமளம் சம்மதிக்க வேண்டும். அவளுடைய மகன் கபிலனின் பிரேதத்தைத் தூக்கியது நான். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் அரை மைல் ஓடி வந்தவள் அவள். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் முகம் கொடுக்காமல் இருந்தாள். அதனால்தான் இளையவள் அவளிடம் இவ்வளவு பிந்திப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை போனேன். விசிலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். பரிமளம் வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெயிலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீனைக் கழுவி முடித்து, கத்தியை வைத்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டாள்.

"எரிக்கேக்க என்ர பிள்ளையின்ர முகம் எந்தப் பக்கம் பாத்துக் கிடந்தது?"

"கடல் பக்கம்."

"தனியவோ?"

"அண்டைக்கு நாலு பேர். அவன் ஓரத்தில கிடந்தவன். எரிஞ்சு முடியுமட்டும் நான் அவனுக்குக் கிட்டத்தான் நிண்டனான், பிள்ளை."

"அழுதனீங்களோ?"

"இல்லை."

"உங்கட மனுசிக்கு?"

அதற்கும் இல்லை என்றேன். பொய் சொல்ல அது இடமில்லை.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "உங்களுக்காக இல்லை," என்றாள். "தாட்சா என்ர பிள்ளையோட ஒண்டாப் படிச்சவள். எங்கட வீட்டுக் கிணத்தடியில விளையாடினவள்."

பிறகு என் தோளைப் பிடித்து, கன்னத்தைக் கழுத்தில் வைத்து, கபிலனின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினாள். ஐந்து மாதம் அடக்கி வைத்த அழுகை. நான் நட்டுவைத்த கம்பம் போல நின்றேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவளுடைய கண்ணீர் என் சட்டைக் கழுத்தெல்லாம் நனைத்தது. எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் உடம்பு சுடத் தொடங்கியது. காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன், குரு குருவாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் காய்ச்சல் வந்ததற்குச் சந்தோசப்பட்டேன். வெள்ளி காலை காய்ச்சலைத் தணிக்க இரண்டு பனடோல் மாத்திரையை விழுங்கிவிட்டு வாகனத்தில் ஏறினேன். சபைக்காரர்கள் கடுதாசியைப் பார்த்தார்கள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அணைக்கு அந்தப் பக்கம் நெற்றியில் சூடு பார்க்கும் கருவியைக் காட்டினார்கள். பனடோல் கைவிடவில்லை.

கைவிட்டது நான் எழுதிய கடுதாசிதான்.

என்னை மண்டபத்துக்குக் கொண்டு போகவில்லை. பெருந்துறைக்கு வெளியே ஒரு கைவிடப்பட்ட பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஐந்தாம் ஆண்டு வகுப்பறையில் விட்டு வெளியே பூட்டினார்கள். சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. புதிய அரசாங்கத்தின் இலச்சினை, புதிய ஜனாதிபதியின் கையொப்பம். கீழே பதினான்கு பிரிவுகள். ஏழாவதை நான் வாசிக்கத் தேவையில்லை, மனப்பாடம். நான் அனுப்பியபோது ஒருவரும் திரும்பிப் பார்க்காத சுற்றறிக்கையை, இரண்டு ஆட்சி கவிழ்ந்த பிறகு யாரோ தூசு தட்டி எடுத்து நாடு முழுவதற்கும் சட்டமாக்கியிருக்கிறார்கள்.

எனக்கு மிச்சம் இருந்தது ஆறு நாள். பூட்டு திறக்கப் பதினாலு நாள். இளையவள் இந்த அறைக்குள்ளேயே என்னோடு செத்துவிடுவாள் என்று விளங்கியதும் வாங்குப் பலகையில் உட்கார்ந்தவன், சாப்பாடு வரும்வரை எழும்பவில்லை.

காவலுக்கு இருந்தவர் கோப்ரல் விமலசேன. தெற்கில் ஏதோ ஒரு மலையடிவாரத்துக் கிராமம். நாற்பது வயதிருக்கும். முகக்கவசம், கையுறை, சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் கம்பிக்குள் தள்ள ஒரு நீளத் தடி. எல்லாம் பிரிவு ஒன்பதின்படி. சந்தையில் பழகிய தமிழ் கொஞ்சம் வைத்திருந்தார்.

இரண்டாம் நாளே அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"ஐயா, ரேடியோ சொல்லுது. வடக்கு ஆள் நஞ்சு கொண்டு வாறான், தொடாதே. நீங்களும் அதுதானே சொல்லுறது?"

நியாயமான கேள்வி. மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. தட்டு வாங்கும்போது பாய்ந்து அவருடைய கையைப் பிடித்து இழுத்து, முகத்தோடு முகம் உரசிவிட்டால் என்ன? நான் கிழவனென்றாலும் பிணம் தூக்கிப் பழகிய கை. ஒரு நிமிடம் போதும். அவர் என்னைச் சுட்டாலும் காரியம் முடிந்துவிடும். அவருடைய நன்மைக்குத்தானே செய்கிறேன்?

அந்தக் கடைசி வசனம்தான் என்னை நிறுத்தியது. உங்கட நன்மைக்குத்தான் என்று சொல்லி எத்தனை வாசலில் எத்தனை கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். இராசமலருடைய கையும் அதில் ஒன்று. இன்னொரு கையைப் பிடித்து இழுக்க எனக்கு முடியவில்லை. மகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் முயன்று பார்த்தேன். தட்டு வரும், கை எழும்பாது. என்னுடைய இந்தப் புதுப் புனிதத்துக்கு நாற்பதாயிரம் பேர் பலியா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பரிமளம் என்னைக் கட்டிப்பிடித்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம், எனக்கு எட்டாம் நாள், சாப்பாடு வரவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். விமலசேன விறாந்தைப் படியில் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன். திரும்பினார்.

"அம்மா," என்றார். "காலையில. ஊரில. எங்கட ஊருக்கும் காய்ச்சல் போயிட்டு." லீவு கேட்டிருக்கிறார், இல்லையென்று சொல்லிவிட்டார்கள். பிரேதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். யாரும் பார்க்கவில்லையாம். "பிரிவு மூண்டு," என்று சுவரைக் காட்டினார்.

மூன்றாம் பிரிவையும் நான்தான் எழுதினேன். அதை அவருக்குச் சொன்னேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார். சுட்டாலும் சுடட்டும் என்று தொடர்ந்து சொன்னேன்.

"தம்பி, எங்கட ஊரில செத்தவீட்டுக்காரரைத் தனிய விடுறேல்லை. எனக்கு அது விளங்கப் பிந்திப்போச்சு. நான் சொன்ன காய்ச்சல் இப்பவும் என்னில இருக்கு. கிட்ட வந்தால் உங்களுக்கு வரும். நான் சொல்லுறது பொய்யாவும் இருக்கலாம், ரேடியோ சொல்லுறது உண்மையாவும் இருக்கலாம். தெரிஞ்சுகொண்டு வாறதெண்டால் வாங்கோ. வராட்டியும் குறையில்லை."

அவர் எழுந்தார். பிறகு துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தார். கையுறையைக் கழற்றினார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். ஜன்னலடிக்கு வந்து கம்பியில் நெற்றியை வைத்தார்.

எங்கள் ஊரில் ஆண்கள் கட்டிப்பிடித்து அழுவதில்லை. கம்பிக்கு இடையால் கையை விட்டு அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தன் பாஷையில் அம்மா என்றார். அந்தச் சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். நான் வாயைத் திறந்தேன், இராசமலர் என்று வந்தது. அதற்குப் பிறகு யார் யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமல் இரண்டு பேரும் அழுதோம். கம்பி நனைந்து, கை நனைந்து, அவருடைய கன்னமும் என் கன்னமும் நனைந்தன. அந்த நேரத்தில் இளையவளைப் பற்றிய நினைப்பே எனக்கு இல்லை. இதை யாரும் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

சனிக்கிழமை வந்தபோது விமலசேனவுக்குக் கண்ணில் இலேசான களைப்பு இருந்தது. காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் காவலுக்கு வந்தார். விமலசேன எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. எனக்கு ஒன்பதாம் நாள் எப்போதோ முடிந்துவிட்டது. என் உடம்பு இப்போது சுத்தம். யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லாத சுத்தம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூட்டைத் திறந்து, முகாமுக்குள் போகலாம் என்று ஒரு துண்டு தந்தார்கள்.

பெருந்துறை முகாம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தகரமும் தரப்பாள் துணியும். மூத்தவள் அங்கே நன்றாகவே வேலை செய்திருந்தாள்; பல கொட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன. விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர மத்தியானம் திரும்பிவிட்டது. தாட்சாயினி கொட்டில் வாசலில் நின்றாள். வயிறு முன்னுக்கு வந்து, முகம் வற்றிப்போய், அப்படியே தாயைப்போல. நான் ஓடினேன். அவள் கையை நீட்டி மறித்தாள்.

"கிட்ட வராதேங்கோ அப்பா. எனக்குக் காய்ச்சல்."

நான் ஓட்டத்தை நிறுத்தினேன்.

"எத்தினை நாள்?"

"மூண்டு நாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆமிக்காரர் வேலிக்கு அங்கால வந்து நிண்டவர். அப்பா உயிரோட இருக்கிறார் எண்டு சொன்னவர். தனக்குக் காய்ச்சலெண்டும் சொன்னவர். அது நல்லதோ கெட்டதோ தனக்கும் வடிவாத் தெரியாது, அப்பாவை நம்பினால் கையைத் தாங்கோ எண்டவர். வேலிக்குள்ளால குடுத்தன். அவர் கையில முகத்தை வைச்சு அழுதவர், நானும் அழுதன். பேந்து என்ர அம்மாட ஏழாம் நாள் தானத்துக்கு ஊருக்குப் போறன், லீவு இல்லை, பிடிச்சால் பிடிக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார்." காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். "அப்பா, இது எந்தக் காய்ச்சல்?"

தலையைத் திருப்பச் சொன்னேன். அவள் கூந்தலை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் வேர்க்குருப் போல, சிவப்பாக, ஐந்தாறு. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். "இது இளையவள், பிள்ளை, மூத்தவளை மறிக்கிறவள், கட்டிப்பிடிச்சால் மற்ற ஆளுக்கும் போவாள்," என்றேன்.

மகள் பிழைத்துவிட்டாள். ஆனால் தூரத்தில் கேற்றடியில் ஆட்கள் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் மூன்று மணிக்கு வந்து ஒவ்வொருவராக நெற்றியில் கருவி காட்டுவார்களாம். மூன்று நாள் பனடோல் போட்டு ஏய்த்திருக்கிறாள். இன்று முடிந்துவிட்டது. பிடித்தால் ஓர் அறை, பதினான்கு நாள். இளையவள் அவளோடு பூட்டப்பட்டுச் சாவாள். மிச்சச் சனத்துக்கு மூத்தவள்தான் கதி.

சுற்றிப் பார்த்தேன். கொட்டில்களில் பெண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒருவருக்கும் கிட்ட நிற்கவில்லை. அவ்வளவு ஒழுங்காகப் பழக்கியிருந்தார்கள்.

"தாட்சா," என்றேன். "அம்மாக்கு நாங்கள் இன்னும் செத்தவீடு செய்யேல்லை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆசிரியை, கெட்டிக்காரி. கொட்டில் வாசலில் மணலில் மெல்ல உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். முதல் குரல் விக்கிக்கொண்டுதான் வந்தது, நடிப்பு மாதிரி. இரண்டாவது குரல் நடிப்பில்லை. "என்னைப் பெத்த அம்மா" என்று தொடங்கி, தண்ணீர் வரிசையை, தன்னைப் பார்க்காமல் போனதை, வயிற்றுப் பிள்ளையைத் தூக்க ஆளில்லாததை எல்லாம் சொல்லி அழுதாள். நடுவில் குரலை உயர்த்தி, "எனக்குக் காய்ச்சல் இருக்கு, இது மூத்தவளை மறிக்கிற காய்ச்சல், என்ர அப்பா கொண்டு வந்தது, நம்புறவை தெரிஞ்சுகொண்டு வாங்கோ" என்றும் சொன்னாள்.

பிறகு எதிர்க் கொட்டிலில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். அவளும் யாரையோ அழாமல் பறிகொடுத்தவளாக இருக்க வேண்டும். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வந்து தாட்சாயினியைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒருத்தி பெயரோடு இன்னொருத்தி பெயரும் சேர்ந்து, யார் செத்தவீடு என்று சொல்ல முடியாத ஒரு செத்தவீடு.

கேற்றடியில் விசில் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம். ஒருவரும் கையை எடுக்கவில்லை. வெள்ளை உடுப்புக்காரர் நாலு பேர் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு என்னைப்போலவே கழுத்தில் விசில், கையில் அந்தச் சுற்றறிக்கை.

நான் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, அந்த ஒடுங்கிய பாதையின் நடுவில் போய் நின்றேன். "தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ," என்றேன். அவசரமில்லாமல் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டேன். அவர் கையிலிருந்த கடுதாசியை வாங்கி முதலாம் பிரிவில் விரலை வைத்தேன்.

"உதை எழுதினது நான்தான். பதினாலு பிரிவிலயும் திருத்தம் இருக்கு. ஒவ்வொண்டாச் சொல்லுறன், வடிவாக் கேளுங்கோ."